தண்ணீர் எங்கே போய்விடப் போகிறது?

திருவானைக்காவல் போயிருக்கிறீர்களா? போனவர்களுக்குத் தெரியும்... ஜம்புகேஸ்வரர் சந்நிதிக்குள் நுழைய வேண்டும் என்றால் நன்றாகக் குனிந்துதான் போகவேண்டும். பஞ்சபூதத் தலங்களில் இது நீருக்கு உரிய தலம். உள்ளே அப்புலிங்கத்தைச் சுற்றித் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். காவிரி பெருகும் நாட்களில் அந்த ஊற்றும் பெருகும். அம்பாள் அகிலாண்டேஸ்வரி காவிரி நீரையே திரட்டி லிங்கமாக்கிப் பூஜித்தாள் என்பது தலபுராணம். அதனால்தான் இன்றும் உச்சிக்காலப் பூஜையின்போது அர்ச்சகர் புடவை கட்டிக்கொண்டு, அம்பாளாகவே சுவாமி சந்நிதிக்கு வருகிறார்.

அங்கே நின்றால் உடம்போடு மனசும் குளிர்ந்துவிடும் என்பார்கள். 2019 ஜூன் மாதம் நான் அங்கே நின்றபோது எனக்கு அப்படிக் குளிரவில்லை. முதல்நாள் இரவு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த கூட்டம் நெஞ்சுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வருடம் சென்னை பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். ஏப்ரல் மாதமே எங்கள் போர் வறண்டுபோய், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அதை இன்னும் ஆழமாக இறக்கினோம். தண்ணீர் வந்தது. அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து பாயசம் வைத்துச் சாப்பிட்டோம், நான் உட்பட!

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஓட்டு வீடுகளில் ஆறு குடித்தனங்கள் இருந்தன. அதில் ஒன்றில் எனக்கு வாடிக்கையாகப் பூக் கொடுக்கும் அம்மா. ஆறு குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு அடிபம்ப். மே மாதம் ஒருநாள் பூவை அளந்தபடியே சொன்னார்: "நீங்க மோட்டார் போட்டா எங்க பம்புல காத்துதாம்மா வருது. ராத்திரி நீங்க நிறுத்தின அப்புறம் அடிச்சா ரெண்டு குடம் கிடைக்குது. உங்களைக் குத்தம் சொல்லலை. சொல்லணும்னு தோணிச்சு..."

அதைத்தான் நான் ஜூன் மாதக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். மூன்று பதில்கள் வந்தன.

கீழ் வீட்டு மாமி, தினமும் வாசலை ஹோஸ் பைப் வைத்துக் கழுவிக் கோலம் போடுகிறவர். "தண்ணி எங்கடி போயிடப் போறது? பூமிக்குத்தானே போறது! ஆவியாகி நாளைக்கே மழையா வரப்போறது. பகவான் கொடுக்கறதை நாம என்ன குறைச்சுட முடியும்?" என்றார். ஓய்வுபெற்ற வக்கீல் சார், "நம்ம மனைக்குக் கீழே இருக்கிற தண்ணியை எடுக்க நமக்குச் சட்டப்படி உரிமை இருக்கும்மா" என்றார். செயலாளரோ, "நாம நிறுத்தினா மட்டும் அந்தம்மாவுக்குக் கிடைச்சுடுமா? பக்கத்து பில்டிங்காரன் உறிஞ்சிடுவான்" என்றார். இதற்குள் டீ வந்துவிட்டது.

திருவானைக்காவலில் நின்றபோது என்னைக் குடைந்தது இந்த மூன்று பதில்கள்தான். மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருப்பதுபோலவே பட்டது. அதுதான் சங்கடம்.

மாமியிடமிருந்தே தொடங்குவோம். அவர் சொன்னது விஞ்ஞானப்படி சரிதான். பூமியில் இருக்கும் தண்ணீரின் மொத்த அளவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்றே சொல்லிவிடலாம். கடலில் வெயில் படுகிறது. உப்பைக் கீழே விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் ஆவியாகி மேலே போகிறது. குளிர்ந்து மேகமாகிறது. மழையாக இறங்கி, ஆறாக ஓடி, மண்ணுக்குள் புகுந்து, மரத்தின் வேர் வழியே ஏறி இலை வழியே மறுபடி காற்றில் கலந்து, கடைசியில் கடலுக்கே போகிறது. ஒரு சொட்டுகூட வீணாவதில்லை. அப்படியானால் 'தண்ணீரை வீணாக்காதே' என்ற பேச்சுக்கே அர்த்தம் என்ன? அழியாத ஒன்றை எப்படி வீணாக்க முடியும்?

இந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்றால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பயப்படாதீர்கள், நம் சமையலறைக் கணக்குதான். உலகத்துத் தண்ணீர் எல்லாம் சேர்த்து 100 குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடத்துக்கு 15 லிட்டர். அதில் தொண்ணூற்றேழரைக் குடம் உப்புத் தண்ணீர். ஒன்றே முக்கால் குடம் துருவங்களிலும் இமயமலை போன்ற சிகரங்களிலும் பனிக்கட்டியாக உறைந்திருக்கிறது. மிச்சம் முக்கால் குடம். அதுவும் அநேகமாக எல்லாம் நிலத்துக்கு அடியில்! நன்னீர் ஏரிகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு சின்ன டம்ளர். ஆறுகள்? கங்கை, காவிரி, அமேசான், நைல் என்று உலகத்தில் இந்த நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும் அத்தனை ஆறுகளையும் சேர்த்தால் நம் பஞ்சபாத்திரத்து உத்தரணி ஒன்றுகூட நிறையாது.

படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது.

அந்த உத்தரணித் தண்ணீரை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை ஊர்கள் பிழைக்கின்றன? உத்தரணி காலியாகக் காலியாக மேலேயிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது, அதனால்தான். ஆகவே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்பதைவிட, எவ்வளவு வேகத்தில் திரும்பி வருகிறது என்று கேட்பதுதான் பொருத்தம்.

அந்த வேகம் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. மாமியின் வாதம் இடறுவது இங்கேதான். காற்றில் ஏறிய தண்ணீர் சராசரியாக ஒன்பது, பத்து நாட்களுக்குள் கீழே இறங்கிவிடுகிறது. வானத்தில் இருக்கும் ஈரம் அத்தனையும் ஒரே சமயத்தில் பூமி முழுக்கச் சமமாகப் பெய்தால்கூட இரண்டரை சென்டிமீட்டர் உயரம்தான் நிற்கும். ஆற்றுக்கு வந்தால் சில வாரங்கள். ஆனால் கடலுக்குள் போய்விட்டால் மறுபடி வெளியே வர சராசரியாக 3,000 வருடங்களுக்கு மேல்! தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜன் கட்டி முடித்தது 1010-ல். அதிலிருந்து இன்றுவரை ஓடியிருப்பதைப்போல மூன்று மடங்கு காலம் என்று நினைத்துப் பாருங்கள். நிலத்தடி நீரோ இடத்துக்கு இடம் மாறும். ஆற்றோர மணலில் சில மாதங்கள். ஆழமான பாறை இடுக்கில் நூறு வருடங்கள், சில இடங்களில் ஆயிரக்கணக்கான வருடங்கள்கூட. நாம் சுவிட்சைத் தட்டி அரைமணி நேரத்தில் தொட்டியில் ஏற்றிவிடுவது, மண்ணுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கி அத்தனை காலம் காத்திருந்த தண்ணீராகவும் இருக்கலாம்.

'நாளைக்கே மழையாக வரும்' என்றார் மாமி. வரும்தான். ஆனால் எங்கே வரும், யாருக்கு வரும்? எங்கள் வாசலில் ஆவியான தண்ணீர் வங்காள விரிகுடாவின் நடுவே பெய்யலாம். பின்வீட்டு அடிபம்புக்கு அதனால் என்ன?

திருவானைக்காவல் ஊற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? தென்மேற்குப் பருவக்காற்று புறப்படுவது நம் நாட்டிலிருந்து அல்ல. பூமத்திய ரேகைக்குத் தெற்கே, மடகாஸ்கருக்குக் கிழக்கே விரிந்திருக்கும் இந்தியப் பெருங்கடலிலிருந்து கிளம்பி, சோமாலியாக் கரையோரம் வளைந்து திரும்பி, அரபிக்கடலின் ஈரத்தையும் வாரிக்கொண்டு மேற்குத்தொடர்ச்சி மலையில் வந்து மோதுகிறது. மலை ஏறும் காற்று குளிர்ந்து, குடகிலும் வயநாட்டிலும் கொட்டித் தீர்க்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அந்த மழையில் மிஞ்சுவது சொற்பம்தான். ஆனால் ஆறு வருகிறது. குடகில் காட்டு மண் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும் தண்ணீர் காவிரியாகி, கிருஷ்ணராஜ சாகரைத் தாண்டி, கபினியோடு சேர்ந்து, மேட்டூரையும் தாண்டி முக்கொம்புக்கு வருகிறது. அங்கே காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. நடுவில் இருக்கும் தீவில் ஒருபக்கம் ஸ்ரீரங்கம், ஒருபக்கம் திருவானைக்காவல். இரண்டு ஆற்று மணலிலும் இறங்கிய தண்ணீர்தான் நிலத்துக்கு அடியில் பரவி, தாழ்வான அந்தக் கருவறையில் ஊறி வருகிறது.

நாம் ஆடிப்பெருக்கு கொண்டாடுவதுகூட இந்தக் கணக்கில்தான். ஜூன், ஜூலையில் குடகில் பெய்த மழை, ஆகஸ்ட் முதல் வாரத்தில் நம் படித்துறைக்கு வந்து சேர்கிறது. எங்கேயோ பெய்த மழைக்கு இங்கே நன்றி சொல்கிற பண்டிகை அது. காவிரி வறண்டுபோன வருடங்களில், மணலில் ஊற்றுத் தோண்டி அந்தக் கலங்கல் தண்ணீருக்குக் காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டவர்கள் உண்டு.

நான் தமிழ் படித்தவள். அதனால் இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரைப் பாடும் பட்டினப்பாலையில் சுங்கச்சாவடிக் காட்சி ஒன்று வரும். கப்பலில் வந்த சரக்கு கரையில் இறங்குகிறது, நாட்டுச் சரக்கு கப்பலில் ஏறுகிறது. அதற்குக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்ன உவமை சொல்கிறார் தெரியுமா? மேகம் முகந்த நீர் மலையில் பெய்வதும், அந்த நீர் ஓடிப்போய்க் கடலில் பரவுவதும் மாதிரி என்கிறார். திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் ஆண்டாளும், கடலுக்குள் புகுந்து முகந்துகொண்டு மேலே ஏறி வந்து பெய்யச் சொல்லித்தான் மழையைக் கேட்கிறாள். விஞ்ஞானப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிற சுழற்சியை நம்மவர்கள் பாட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு உருத்திரங்கண்ணனாரின் உவமையில் பிடித்தது அந்தச் சுங்கச்சாவடிதான். வருவதற்கும் போவதற்கும் அங்கே புலி முத்திரை குத்துகிறார்கள். கணக்குப் பார்க்கிறார்கள். நம் போருக்கு யார் முத்திரை குத்துகிறார்கள்?

இங்கேதான் வக்கீல் சார் வருகிறார். அவர் சொன்ன சட்டம் உண்மையில் இருக்கிறது. 1882-ல், வெள்ளைக்காரன் காலத்தில் வந்த ஈஸ்மென்ட் சட்டம். தன் நிலத்துக்கு அடியில், குறிப்பிட்ட வாய்க்காலாக ஓடாமல் இருக்கும் தண்ணீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் 1882-ல் தண்ணீர் எடுத்தது எதை வைத்து? ஏற்றம், கவலை, மிஞ்சிப்போனால் இரண்டு மாடு. ஒரு மனிதரால் ஒரு நாளில் எவ்வளவு இறைக்க முடியும் என்பதற்கு மாட்டின் மூச்சே அளவு. மாடு களைத்துப்போகும், கிணறு அதற்குள் ஊறிவிடும். இன்றைக்கு மோட்டாருக்குக் களைப்பே கிடையாது. சென்னைக்கென்று 1987-ல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. கிணறு தோண்ட அனுமதி வேண்டும் என்கிறது அது. அந்த அனுமதி பற்றி எங்கள் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

சட்டம் கிடக்கட்டும். மண்ணுக்குள் மனைக்கு மனை சுவர் இருக்கிறதா? தண்ணீருக்குப் பட்டா தெரியாது. நாம் ஓரிடத்தில் வேகமாக உறிஞ்சினால் சுற்றிலும் இருக்கிற தண்ணீர் அந்தப் பள்ளத்தை நோக்கி இறங்குகிறது. பக்கத்தில் ஆழம் குறைந்த கிணறும் பம்பும் முதலில் காயும். கடலோரத்தில் இன்னும் மோசம். நன்னீர் இறங்கிய இடத்தில் கடல் நுழைந்துவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் பல வருடங்களாக அளவுக்கு மீறி இறைத்ததில், உப்பு நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அங்கே முதலில் உப்புக் கரித்தது யாருடைய கிணறு? அதிகமாக இறைத்தவருடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே!

பூக்கார அம்மாவின் பம்பில் காற்று வந்ததற்கு அவர் செய்த தவறு ஒன்றுமில்லை. எங்களிடம் ஆழமாகப் போகப் பணம் இருந்தது. அவரிடம் இல்லை. 'அவரவர் வாங்கி வந்த வரம்' என்று சொல்லி இதை எளிதாகக் கடந்துவிடலாம். எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. ஏனென்றால் ஏப்ரல் மாதம் போரை இறக்கச் சொன்ன தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. வரம் கொடுத்தவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறதே!

இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு ஒரு சந்தேகம் வரும். "அப்படியானால் சுவாமிக்குக் குடம் குடமாக அபிஷேகம் செய்வதும் தப்பா?" என்று. எனக்கும் வந்தது. பழைய கோயில்களைச் சுற்றி வந்தால் கோமுகி வழியே விழும் அபிஷேகத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி நந்தவனத்துக்கோ, குளத்துக்கோ போகும்படி அமைத்திருப்பதைப் பார்க்கலாம். பூவுக்கு ஊற்றி, மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிற ஏற்பாடு. (இமயமலையில் கங்கோத்ரிப் பனிப்பாறையிலிருந்து பாகீரதி வெளிப்படும் இடத்துக்கும் கோமுகம் என்றுதான் பெயர்!) இன்று பல இடங்களில் கோமுகிக்கு அடுத்து சிமென்ட் தரை, அதற்கு அடுத்து சாக்கடை. அபிஷேகத்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கோமுகிக்கு அப்புறம் தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் அடுத்த முறை பிராகாரம் சுற்றும்போது நீங்களே பாருங்கள்.

நம் வாசல்களும் அப்படித்தானே ஆகிவிட்டன? சென்னையில் மழை ஒன்றும் குறைவாகப் பெய்வதில்லை. வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். 2015 டிசம்பரில் அதே சென்னை வெள்ளத்தில் மிதந்தது. நாலே வருடத்தில் ரயிலில் தண்ணீர்! காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவிகிதம் அதிக ஈரத்தைத் தாங்கும் என்கிறார்கள். பூமி சூடாகச் சூடாக, பெய்தால் கொட்டுகிறது, இல்லையென்றால் காய்கிறது. கொட்டுகிற தண்ணீரை மண் குடிக்க வேண்டும் என்றால் மண் வெளியே தெரிய வேண்டாமா? டைல்ஸ் போட்ட வாசலிலிருந்து மழைநீர்க் கால்வாய்க்கு, அங்கிருந்து சில மணி நேரத்தில் கடலுக்கு. பிறகு 3,000 வருடக் காத்திருப்பு. நெம்மேலியிலும் மீஞ்சூரிலும் அதே கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவழிக்க வேண்டியிருக்கிறது. சூரியன் சம்பளம் வாங்காமல் செய்துகொடுத்து, வாசல்வரை கொண்டுவந்து கொட்டிய தண்ணீரை வழியனுப்பிவிட்டு!

கடைசியாகச் செயலாளர் சொன்னது. மூன்றில் அதுதான் எனக்குக் கஷ்டமான கேள்வி. நாம் ஒருவர் நிறுத்தினால் என்ன ஆகிவிடும்? நேர்மையாகச் சொன்னால், பெரிதாக ஒன்றும் ஆகாது. நம் நாட்டில் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் பெரும்பங்கு விவசாயத்துக்குத்தான் போகிறது. நம் வீட்டுக் குழாய் சொட்டுவதை நிறுத்தினால் காவிரி நிரம்பிவிடாது. 'ஒரு சொட்டைச் சேமி, உலகைக் காப்பாற்று' என்றெல்லாம் சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகக்கூட வரும். ஆனால் பின்வீட்டு அடிபம்ப் உலகம் இல்லையே! அது எங்கள் போரிலிருந்து முப்பது அடி தூரத்தில் இருந்தது. அங்கே எங்களால் ஆகக்கூடியது இருந்தது. 'பக்கத்து பில்டிங்காரன் எடுத்துவிடுவான்' என்பது பக்கத்து பில்டிங்காரரும் எங்களைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதில்தானே?

ஊருக்குத் திரும்பியதும் மறுபடி பேசினேன். மாமி கோபித்துக்கொண்டார். ஆனால் மோட்டாரைக் காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டுவது என்று முடிவானது. கார் நிறுத்தும் இடத்தில் நீளமாக ஒரு பட்டை அளவுக்கு டைல்ஸை உடைத்து எடுத்தோம். பதினைந்து அடியில் உறை இறக்கி ஒரு கிணறு வெட்டி, மொட்டைமாடிக் குழாய்களை அதில் கொண்டுவந்து விட்டோம். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது வைத்த குழாய் எங்கள் கட்டடத்திலும் இருந்தது. எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தால், நேராகத் தெருக் கால்வாய்க்குப் போயிருந்தது! இரண்டு வீட்டுக்காரர்கள் இன்றுவரை தங்கள் பங்குப் பணத்தைத் தரவில்லை. மாமி தந்துவிட்டார். கோபம் மட்டும் குறையவில்லை. ஹோஸ் பைப்பை வைத்துவிட்டு ஒரு வாளியில் தெளித்துக் கோலம் போடுகிறார், என் காதில் விழும்படி எதையோ முணுமுணுத்தபடி.

அந்த வருட ஐப்பசி மழையில் உறைகிணறு நிரம்பியது. பின்வீட்டுப் பம்பிலும் தண்ணீர் வந்தது. அது எங்கள் கிணற்றால் வந்ததா, மழையாலேயே வந்ததா என்று யார் சொல்ல முடியும்? நான் போய்க் கேட்கவில்லை. கேட்டால் நன்றி சொல்லிவிடுவாரோ என்று கூச்சமாக இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு வருடத்தில் அந்த ஓட்டு வீடுகள் விலைபோய்விட்டன. இப்போது அங்கே ஐந்து மாடிக் கட்டடம். எங்களுடையதைவிட ஆழமான போர். பூக்கார அம்மா நாலு தெரு தள்ளிப் பிள்ளையார் கோயில் வாசலில் உட்கார்கிறார். போன வெள்ளிக்கிழமை பார்த்தேன். மல்லிகைப் பந்தின்மேல் பாட்டிலிலிருந்து கொஞ்சமாகத் தண்ணீரைக் கையில் விட்டுத் தெளித்துக்கொண்டிருந்தார்.

"இங்கே தண்ணி கிடைக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"கேன் தண்ணிதாம்மா. பூவுக்கும் அதான், குடிக்கவும் அதான்" என்றார்.

இரண்டு முழம் வாங்கினேன். அன்று சாயங்காலம் சுவாமிக்குச் சாத்தியது அந்தப் பூவைத்தான்.